ரெண்டு மில்லி தூரம்

எருக்கம்பட்டியில் மனுசனுக்கும் மனுசனுக்கும் நடுவில் கிடக்கிற தூரம் செல்போனில் தெரிய ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பழைய பஸ் ஸ்டாண்டுக் கடைகளின் தகரக் கூரைகளைக் காற்று ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் அதை முதலில் கண்டவள் செல்போன் ரிப்பேர் பார்க்கிற பவுனுத்தாய். கண்டதும் அவள் சொன்னது, "லேசர் போயிருச்சு போலக்கா, வேற போடணும்" என்பதுதான்.

போன் எஸ்தர் டீச்சருடையது. எதை எடுத்தாலும் பளிச்சென்று விழுகிறது, வீட்டுக்காரரை எடுத்தால் மட்டும் கலங்குகிறது என்று வீட்டுக்காரர் தனராஜ் சாரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். இந்த ரகப் போன்களின் முதுகில், கேமராக் கண்ணுக்குப் பக்கத்தில், கடுகளவு கறுப்புச் சன்னல் ஒன்று இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் புறப்பட்டுப் போய், எதிரே இருப்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். போய்வர ஆன நேரத்தை வைத்து இவ்வளவு தூரம் என்று போன் தெரிந்துகொண்டு, அந்தத் தூரத்துக்குப் படத்தைக் கூர்மையாக்கும். வெளிச்சம் போய்வந்த தூரத்தை எண்ணாகவே காட்டுகிற சோதனைத் திரை ஒன்று எல்லாப் போனுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது, ரிப்பேர்காரர்கள்தான் அதைத் திறப்பார்கள். பவுனு திறந்தாள். சுவரைக் காட்டினாள், ஒரு மீட்டர் அறுபது. காலி ஸ்டூலைக் காட்டினாள், எண்பத்திரண்டு சென்டிமீட்டர். டீச்சர் கையில் போனைக் கொடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்த தனராஜ் சாரைக் காட்டச் சொன்னாள், பதினோரு கிலோமீட்டர்.

மூன்று லேசர் மாற்றினாள். மூன்றுக்கும் பதினொன்றுதான். டீச்சர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பதினொண்ணுதானா? நான் இருவதாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றார். தனராஜ் சார் எழுந்து, "காப்பி சாப்பிட்டுட்டுப் போவமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள்.

அந்தத் திரையைத் திறக்கிற வழி ஊர் முழுக்கப் பரவி, சாயங்காலத்துக்குள் எல்லாப் போனும் அப்படித்தான் என்று தெரிந்துவிட்டது. ஆட்டை, மாட்டை, அரிசி மூட்டையைச் சரியாக அளந்த லேசர், ஆளை மட்டும் தன் கணக்கில் அளந்தது. இவர் போனில் அவரைப் பார்த்தாலும், அவர் போனில் இவரைப் பார்த்தாலும் ஒரே எண் வந்தது.

கடை சந்தனமாரியுடையது. பவுனுவுக்கு ஒன்பது வயது மூத்த அக்கா. பழைய போனை வாங்கி விற்பது அவள் வேலை, பிரித்துப் பார்த்துச் சரிசெய்வது தங்கச்சி வேலை. அம்மா அப்பா போன பிறகு, பதிமூன்று வயதில் வெள்ளரிக்காய்த் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி பஸ் சன்னல் சன்னலாக ஓடியவள் சந்தனமாரி. டிரைவர் கியர் போடுவதற்குள் விலையைச் சொல்லி, குறைத்து, வாங்கி, சில்லறையும் கொடுத்தாக வேண்டும். தவறவிட்டால் பஸ்ஸோடு காசும் போய்விடும். மெதுவாகப் பேசுகிறவனைக் கண்டாலே அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும், வாய் முந்திவிடும், கையும் சில நேரம் முந்திவிடும். அவளை யாரும் பள்ளிக்கூடத்தில் வைத்து எதையும் சொல்லித்தரவில்லை. பஸ்தான் சொல்லித்தந்தது.

அவள் பேரத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, பொருளில் குறை கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த குறையைச் சொல்லி விலையை இறக்க வேண்டும், ஆனால் பொருளை விட்டுவிடக் கூடாது. கீறல் இருக்கா, நல்லது. பேட்டரி உப்பியிருக்கா, ரொம்ப நல்லது. இரண்டாவது, புதுப் போனோடு வருகிற ஒட்டுத்தாளை உயிரே போனாலும் உரிக்கக் கூடாது. திரையில், முதுகில், கேமரா மேல் என்று ஒட்டி வரும் அந்தக் கண்ணாடித் தாள் இருக்கிறவரைக்கும் போன் புதுசு. உரித்த நிமிசம் பழசு. "தாளை உரிச்சவன் தரித்திரத்தை விரிச்சவன்" என்று அவளே ஒன்று சொல்லிவைத்திருந்தாள். தான் கையில் வைத்திருந்த போனிலும் அவள் எதையும் உரித்ததில்லை.

எருக்கம்பட்டி அதிசயத்தைப் பெரிதுபடுத்துகிற ஊர் இல்லை. ஒரு வாரம் சிரித்தது, ஒரு வாரம் அழுதது, மூன்றாவது வாரம் பழகிக்கொண்டது. பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு போனையும் கொண்டுபோனார்கள், முதல் நாள் முந்நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும், பழகப் பழகக் குறையும் என்று தரகர் தைரியம் சொன்னார். ஆட்டோக்காரர்கள் ஒருத்தனையொருத்தன் "ஏலே போ, நீயும் உன் பொண்டாட்டியும் இருக்கிற தூரத்துக்கு மீட்டர் போட்டா நான் பங்களா கட்டிருவேன்" என்று ஏசிக்கொண்டார்கள். துபாயிலிருந்து லீவுக்கு வந்த மகனை நடுவீட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்த தாய்க்கு, அவன் ஏறி வந்த விமானம் இன்னும் தரை இறங்கவில்லை என்று தெரிந்தது. வார்டு எலக்சனுக்கு நின்றவர் கிழவியைக் கட்டிப்பிடித்தபோது கிழவி போனைத் தூக்கிவிட்டாள், அன்றிலிருந்து முன்வரிசையில் போன் தூக்கத் தடை வந்தது. தெற்குத் தெரு ஆள்கள் டீக்கடை மாஸ்டரை எடுத்துப் பார்த்து, "இதுக்கு எதுக்குல லேசர்? எங்க தாத்தன் காலத்திலயே தனி கிளாசு வச்சு அளந்துட்டானுவளே" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

செத்தவர்களை மட்டும் லேசர் சரியாக அளந்தது. பாடை நாலடியில் இருந்தால் நாலடி. அதனால் எருக்கம்பட்டியில் அந்த வருசம் கூர்மையாக விழுந்த முகங்கள் எல்லாம் பிணங்களுடையவை. கல்யாண ஆல்பங்களில் மாலைகள் பளிச்சென்று இருந்தன, மாலைக்கு மேலே முகங்கள் புகை மாதிரி கலங்கி இருந்தன.

இந்தக் கண்றாவியே வேண்டாம் என்று பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டில் ஆகச் சிறியதை எடுத்து லேசர்ச் சன்னல் மேல் ஒட்டினார்கள். 'சென்சார் மறைந்துள்ளது' என்று போன் சொல்லும், எண் சொல்லாது. குடும்பங்கள் அமைதியாயின. பொட்டு வைத்த போனைப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது மரியாதை ஆயிற்று. பவுனுவின் போனிலும் ஒரு மெரூன் பொட்டு இருந்தது.

சந்தனமாரி மட்டும் பொட்டு ஒட்டவில்லை. ஒட்டுகிறவர்களைக் கடை வாசலில் வைத்தே காறித் துப்பினாள். "மறைக்கிறதுக்கு ஒண்ணு இருக்கவதான் மறைப்பா. எனக்கு என்ன இருக்கு? இந்தா பாரு" என்று தன் போனைத் தூக்கி, பட்டறை மேசையில் குனிந்திருக்கும் தங்கச்சிக்கு நேரே காட்டுவாள். இரண்டு மில்லிமீட்டர். எப்போது காட்டினாலும் இரண்டு மில்லிமீட்டர். ஊரில் தாய்க்கும் கைக்குழந்தைக்குமே ஆறு மீட்டர், ஏழு மீட்டர் என்று வந்துகொண்டிருந்த காலத்தில் அது ஒரு கீர்த்தி. படம் கலங்கித்தான் விழும். "ரொம்பக் கிட்டன்னாலும் கலங்கும்ல" என்று அவளே காரணமும் சொல்லுவாள். சாராயக் கணக்கு மாதிரி இருந்தாலும் 'ரெண்டு மில்லி சந்தனமாரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளும் சந்தோசப்பட்டாள்.

அவளுக்கு உலகத்தில் பவுனுவைத் தவிர யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததையே தான் செய்த பெரிய காரியமாகச் சொல்லுவாள், பேரம் படியாத வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லுவாள். "என்கிட்ட விலை பேச வாரீயா? என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டுல பத்துப் பவுன் கேட்டான், மூணுல முடிச்சவ நான்." அப்போது பட்டறையில் பவுனு சால்டரிங் முனையை ஈரப் பஞ்சில் துடைப்பாள், அது சுர்ரென்று ஒரு சத்தம் போடும்.

மூன்று பவுனுக்கு முடிந்த அந்தக் கல்யாணம் நாலு வருசம் நடந்தது. கொம்பையா, விளாத்திகுளம் பக்கம், நெல் அறுவை மிசின் ஓட்டுகிறவன். நாலாவது வருசம் கொதிக்கிற கஞ்சியை அவன் ஊற்றியதில் பவுனுவின் இடது கை தோள்முதல் முழங்கைவரை உருகிப்போனது. அந்தக் கையோடு பஸ் ஏறி வந்தவளை சந்தனமாரி பட்டறையில் உட்காரவைத்தாள். அதற்கு அப்புறம் ஆறு வருசம் ஆகிவிட்டது.

தை மாதம் கொம்பையா வந்தான். கூடவே அவன் தாய்மாமன் தவசியும் வந்தார். "மதினி, என் பொண்டாட்டிய அனுப்புங்க. சமைச்சுப் போட ஆள் இல்ல" என்றான் வாசலில் நின்றபடி. சந்தனமாரி கையில் அகப்பட்ட சார்ஜரை வீசினாள். கூட்டம் கூடிவிட்டது, விசயம் பஜார் சங்கத்துக்குப் போனது.

சங்கம் அந்த நாள்களில் எல்லா வழக்கையும் தூரத்தை வைத்துத்தான் தீர்த்தது. அண்ணன் தம்பி கடை பிரித்ததும் அப்படி, தகப்பனை யார் வைத்துக்கொள்வது என்பதும் அப்படி. யார் கிட்ட இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்பு. வாதம் இல்லை, சாட்சி இல்லை, சத்தம் இல்லை. வெங்காய மண்டி மாடியில் இருந்த சங்கக் கட்டடத்தில், காலை பதினோரு மணிக்கு, பலசரக்குக் கடை ரத்தினசாமி அண்ணாச்சி தலைமையில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பவுனுவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உனக்கு எங்கே இருக்க இஷ்டம் என்று அவளை யாரும் கேட்கவில்லை. லேசர் இருக்கும்போது வாயை எதற்குக் கேட்பது.

அக்காவைவிடப் புருசன் கிட்ட என்று வந்துவிட்டால் பவுனு அன்று மதிய பஸ்ஸிலேயே விளாத்திகுளம் போயாக வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். பவுனு முந்தானையால் இடது கையை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையா தன் போனைத் தூக்கினான். பொட்டு இல்லை, மறைப்பு இல்லை, அண்ணாச்சியே துடைத்துப் பார்த்துக் கொடுத்தார். நாற்பத்தொரு கிலோமீட்டர்.

"பரவால்லயே" என்று யாரோ சொன்னார்கள். கஞ்சி ஊற்றியவனுக்கு நாற்பத்தொன்று குறைச்சல்தான்.

சந்தனமாரி எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு மில்லிமீட்டர். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். மாடி முழுக்கக் கைதட்டியது.

தவசி மட்டும் எழுந்தார். "அம்மா, கோவப்படாதீங்க. அந்தப் போனை இந்தத் தூணுக்கு நேரா ஒருதரம் காட்டுங்க. தூண் எவ்வளவுன்னு பாத்துருவோம்."

"ஏன், உன் மருமவனைத் தூணுக்குக் கட்டி வைக்கப் போறியா?" என்றாள் சந்தனமாரி. "பதிமூணு வயசுலருந்து பஜார்ல நிக்கேன். என் பொருளைச் சோதிக்க இன்னும் ஒருத்தன் பொறக்கல. நெல்லு மிசின் ஓட்டுறவனுக்கு மாமன், எனக்கு லேசர் சொல்லித்தாரியா?"

கூட்டம் சிரித்தது. பவுனு தலையைத் தூக்காமல், "போதும்க்கா, வா போவோம்" என்றாள். அண்ணாச்சி தீர்ப்பை எழுதினார். கொம்பையா படியில் இறங்கும்போது திரும்பி ஒருதரம் பார்த்தான், அதற்கு அப்புறம் எருக்கம்பட்டிப் பக்கம் அவன் வரவே இல்லை.

அன்று கடைக்கு மாலை வந்தது, கோயில் பொங்கல் வந்தது. சந்தனமாரி நாற்பது பேரிடம் நடந்ததைச் சொன்னாள், நாற்பது பேரிடமும் பத்துப் பவுனையும் மூணு பவுனையும் சேர்த்துச் சொன்னாள்.

ஆனால் தவசி சொன்ன தூண் அவள் மண்டைக்குள் நின்றுகொண்டது. அவள் வியாபாரி. எதிராளி ஒரு குறையைக் காட்டினால், அது உண்டா இல்லையா என்று பாராமல் அவளால் சோறு தின்ன முடியாது. மூன்றாம் நாள், கடையில் ஆள் இல்லாத மத்தியானம், போனை எடுத்து வாசல் தூணுக்குக் காட்டினாள். இரண்டு மில்லிமீட்டர். தண்ணீர்க் குடத்துக்குக் காட்டினாள், இரண்டு மில்லிமீட்டர். எதிர்வரிசையில் நின்ற மதுரை பஸ்ஸுக்குக் காட்டினாள். கடைசியில் தெருவில் இறங்கி நின்று, வெயில் கொளுத்துகிற வெறும் வானத்துக்குக் காட்டினாள். வானமும் இரண்டு மில்லிமீட்டரில் இருந்தது.

போனைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்புச் சன்னல் மேல் தாள் இருந்தது. வெளிச்சம் போன வேகத்தில் தாளில் முட்டி, தாளையே அளந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வாங்கி இரண்டு வருசம் ஆகிற போன். இரண்டு வருசத்தில் கசங்கி, ஓரம் கிளம்பி, அழுக்கேறியிருக்க வேண்டிய தாள், நேற்று ஒட்டியது மாதிரி ஓரம் வெட்டுப்பட்டுச் சுத்தமாக இருந்தது.

கடைக்குள் வந்தாள். "ஏட்டி பவுனு."

பவுனு நிமிர்ந்தாள். அக்கா போனைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தாள். சால்டரிங்கை அணைத்து, அதன் ஸ்டாண்டில் செருகினாள்.

"இதை யாருட்டி மாத்துனது?"

"நான்தான். மூணு தடவை மாத்திருக்கேன். ஓரம் தூக்கினா உனக்கு வித்தியாசம் தெரிஞ்சிரும்ல."

"எதுக்கு?"

"எனக்கு இருக்கிறதுக்கு வேற இடம் இல்லக்கா."

சந்தனமாரி கட்டைவிரல் நகத்தைத் தாளின் ஓரத்தில் கொடுத்தாள். அவள் வாழ்நாளில் எந்தப் போனிலும் செய்யாத காரியம். தாள் சின்ன சத்தத்தோடு உரிந்து வந்தது. போனைத் தூக்கி, ஒரு கை நீளத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்கு நேரே பிடித்தாள்.

திரையில் கொஞ்ச நேரம் எண்ணே வரவில்லை. வெளிச்சம் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. அப்புறம் ஓட ஆரம்பித்தது. நாலு கிலோமீட்டர், ஒன்பது, பதினேழு, இருபத்தெட்டு. ஊர் ஊராகத் தாண்டிப் போகிற பஸ் மாதிரி நிற்காமல் போனது. நாற்பதில் ஒரு நிமிசம் தயங்கியது மாதிரி இருந்தது.

நாற்பத்தொன்றைத் தாண்டிப் போய்விட்டது.

"அவன் கஞ்சியை ஊத்துனவன்ட்டி" என்றாள் சந்தனமாரி. "நான் உனக்குச் சோறு போட்டவ."

"ஆமா."

"அவனைவிட நான் தூரமா?"

பவுனு யோசித்துத்தான் சொன்னாள். "அடிக்கிறதுக்காவது அவன் கிட்ட வந்தான்லக்கா. அதோட, அவன் அடிக்கிறவன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

சந்தனமாரி திரையைப் பார்த்தாள். நூற்றெண்பது. இருநூற்று முப்பது.

"முதல் பொண்டாட்டி ஒருத்தி இருந்தா, அவ இவன் அடிதாங்காமக் கெணத்துல விழுந்து கெடந்து எடுத்தாங்கன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்ட. இப்படிப்பட்டவனுக்குப் பத்துப் பவுனான்னு கேட்ட. குறையச் சொல்லி விலைய எறக்குன. விட்டுட்டு வரல. அவன் அம்மா அடுப்படியில வச்சு எனக்குச் சொல்லிச்சு, கல்யாணமான மூணாம் நாளு. சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு, உங்க அக்கா கெட்டிக்காரின்னு."

வாசலில் பஸ் ஒன்று கியர் போட்டது, நகர்ந்தது.

"தினமும் காலையில நீ கடை ஷட்டரைத் தூக்கும்போது, என் போன்ல பொட்டை எடுத்துட்டுப் பாப்பேன்" என்றாள் பவுனு. "கொறையும்க்கா, கொறையாம இல்ல. நீ கைக்கு எண்ணெய் தடவிவிட்ட அன்னைக்கு முப்பதுக்கு வந்துச்சு. அப்பறம் யாராவது வெல பேச வருவாங்க. நீ பத்து மூணு கதையைச் சொல்லுவ. சாயங்காலம் பாத்தா எங்கேயோ போயிருக்கும்."

போனில் அறுநூற்றுச் சொச்சம் ஓடிக்கொண்டிருந்தது. சந்தனமாரி ஓர் அடி முன்னால் வைத்தாள். முழங்கால் பட்டறை மேசையில் இடித்தது, எண் கூடியது.

"சரி, ஒரு நூறுன்னு வச்சிக்கிடு" என்றாள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் வாய் அதன் பழக்கத்துக்குப் பேசியது. "நூறு. அதுக்கு மேல வேண்டாம்ட்டி."

பவுனு சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "என்கிட்ட கேக்காத. அதுகிட்ட பேசு" என்றாள். "பத்துக் கேட்டா மூணுல முடிக்கிறவல்ல நீ."

சந்தனமாரி போனைப் பார்த்தபடி நின்றாள். விலை சொல்ல வாய் திறந்தது. சொல்லுகிற விலைக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை, சுட்டிக் காட்டுவதற்கு எதிராளியிடம் ஒரு குறையும் இல்லை. தூக்கிய கை வலித்தது. எண் ஆயிரத்தைத் தொட்டது, தொட்டுவிட்டு மேலே போனது.

வாசலில் யாரோ ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, "பழைய போன் எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"வாங்கய்யா, ஒரு நிமிசம்" என்றாள் பவுனு. அக்கா கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள். இழுப்பறையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த கண்ணாடித் தாளில் விரல் நகத்தளவு கத்தரித்தாள். சன்னல் மேல் ஊதித் தூசி தட்டினாள், தாளை வைத்து, காற்றுக் குமிழ் நிற்காதபடி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டாள். வெந்த கையால் போனை அக்காவிடம் நீட்டினாள்.

"இந்தாக்கா. ரெண்டு மில்லி."

சந்தனமாரி வாங்கிக்கொண்டாள். விலை பேசவில்லை.